ஆஷாவுக்கு நாலு போதும்

ஆஷாவின் மேசையைப் பற்றிப் பேச்செடுத்தாலே எனக்குக் காதெல்லாம் சூடாகிவிடுகிறது. பெரிய மேசை ஒன்றுமில்லை. பெங்களூர் மர்பி டவுனில் ஒரு சந்துக்குள் இருக்கும் வாடகை வீட்டின் கூடத்தில், ஜன்னலை ஒட்டிப் போட்டிருந்த பழைய மர மேசை. அல்சூர் மார்க்கெட் பக்கம் பழைய சாமான் கடையில் அவளே பார்த்து, அவளே பேரம் பேசி, ஆட்டோவில் மடிமேல் சாய்த்துப் பிடித்துக்கொண்டு வந்து சேர்த்தது. அந்த வீட்டில் கட்டில் பொது, பீரோ பொது, டிவி பொது. இந்த மேசை மட்டும் ஆஷாவுடையது. அப்படித்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

நான் ஸ்டெல்லா, விவேக் நகர்க்காரி. ஆஷாவும் நானும் கோரமங்களாவில் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தோம். அமெரிக்காவில் டாக்டர்கள் நோயாளியைப் பார்த்து முடித்ததும் மிஷினில் வாயால் பேசிப் பதிவு செய்துவிடுவார்கள். அந்தக் குரலைக் கேட்டு இங்கே அறிக்கையாக டைப் செய்து அனுப்புவது எங்கள் வேலை. ஆஷா டைப் செய்வாள். அவள் செய்ததைக் குரலோடு ஒத்துப் பார்த்துத் தப்பு கண்டுபிடிப்பது என் வேலை. பல வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். ஆஷாவின் ஃபைல் வந்தால் டீயைக் கையில் எடுத்துக்கொள்வேன். திருத்த ஒன்றும் இருக்காது, டீ ஆறாமல் குடிக்கலாம்.

அவளுக்கு ஊர் கோலார் தங்கவயலில் சாம்பியன் என்ற சுரங்கக் குடியிருப்பு. அப்பா சுரங்கத் தொழிலாளி. சுரங்கத்தை மூடிய வருஷம் இவள் டைப்பிங்கும் மருத்துவ வார்த்தைகளும் படித்து முடித்திருந்தாள். அப்புறம் தினமும் விடியற்காலையில் மாரிக்குப்பம் பாஸஞ்சர் ஏறி பெங்களூர் வந்து, ராத்திரி அதே வண்டியில் திரும்புவாள். ஊரே அப்படித்தான் வந்து போனது. அந்த வண்டிக்கு ஒரு சட்டம் உண்டு என்று அவள் சொல்லியிருக்கிறாள். ஜன்னல் வழியாக ஒரு கர்சீப்பைப் போட்டுவிட்டால் அந்த சீட் போட்டவருக்கு. எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாலும் கர்சீப்பை வைத்துவிட்டுப் போகலாம், எவனும் உட்கார மாட்டான். மீறி உட்கார்ந்தால் பெட்டியே சண்டைக்கு எழும். விஜய்குமார் என்ற பையன் ஒருநாள் இவளுக்காகக் கர்சீப் போட்டு ஜன்னல் சீட் பிடித்தான். மறுநாளும் போட்டான். அது கல்யாணத்தில் போய் முடிந்தது.

கல்யாணத்துக்குப் பிறகு பெங்களூரிலேயே குடித்தனம். விஜய்குமாருக்குப் பொம்மனஹள்ளியில் ஒரு ஃபேக்டரியில் வேலை. கூட அவனுடைய தம்பி சாலமன், அப்பா அப்பாதுரை. அப்பாதுரைக்கு முப்பது வருஷச் சுரங்க வேலை கொடுத்த பரிசு, நெஞ்சுக்குள் இறங்கிய கல் தூசி. ஐந்தாறு எட்டு நடந்தால் மூச்சு வாங்கும். பகலில் ஆள் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். சாலமன் இல்லையா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். சாலமனுக்குச் சிவாஜிநகரில் ஒரு மொபைல் கடையில் வேலை, மத்தியானத்துக்கு மேல்தான் போவான், காலையெல்லாம் வீட்டில்தான் இருப்பான். ஆனால் அப்பாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பது அவனுடைய வேலை இல்லையாம். அது அண்ணி வேலையாம்.

இரண்டாயிரத்து எட்டில் கம்பெனி சில பேருக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி கொடுத்தது. ஆஷா முதல் ஆளாகக் கேட்டு வாங்கினாள். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களுக்குப் பகல் ஷிஃப்ட். ஆபீசில் அப்போது மிச்சம் இருந்ததெல்லாம் ராத்திரி ஷிஃப்ட் சீட்தான். ராத்திரி முழுக்க டைப் செய்துவிட்டுப் பகல் முழுக்க மாமனாரைப் பார்த்துக்கொள்வது என்றால் அவள் எப்போது தூங்குவாள்? வீட்டு சீட் போனால் வேலையே போன மாதிரி. இது அவளுக்கும் தெரியும், அந்த வீட்டில் அவள் சம்பளத்தில் சாப்பிடுகிற எல்லாருக்கும் தெரியும்.

கம்பெனி கொடுத்தது ஒரு பழைய லேப்டாப். எத்தனை பேர் கை மாறி வந்ததோ, எஸ் விசையை அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும், இயர்போன் துளை செத்துப் போயிருந்தது. யூஎஸ்பி போர்ட் இரண்டே இரண்டு. அதிலும் ஒன்று ஆடும், காகிதத்தை மடித்துச் செருகினால்தான் நிற்கும். ஆஷாவுக்கு மாட்ட வேண்டியவை நாலு. தனி கீபோர்டு, ஹெட்செட், கம்பெனி சாஃப்ட்வேரைத் திறக்கும் பென் டிரைவ் மாதிரியான சாவி, அப்புறம் கால் பெடல். இந்தப் பெடல்தான் எங்கள் பிழைப்பு. தையல் மிஷின் மாதிரி மிதித்தால் டாக்டரின் குரல் ஓடும், காலை எடுத்தால் நிற்கும், பக்கவாட்டில் மிதித்தால் பின்னால் போகும். கை விசையை விட்டு நகராது. ஆபீஸ் ஐடி பிரிவில் இருந்த ஸ்ரீகண்டனிடம் போன் போட்டு, இரண்டு போர்ட்டில் நாலை எப்படி மாட்டுவது என்று கேட்டாள். ஒரு ஹப் வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள், ஒரு போர்ட் பலதாகப் பிரியும், ஆனால் அது உங்கள் செலவு என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த போனை எடுத்துவிட்டார்.

விஜய்குமார் அன்று சாயங்காலமே வாங்கி வந்தான். அதில் எனக்குக் குறை இல்லை, கேட்டதும் வாங்கி வந்தான். ஆனால் யாருக்கு, எதற்கு என்று யோசித்தானா? சிவாஜிநகர் பிளாட்ஃபாரத்தில் இருந்ததிலேயே பெரியதாகப் பார்த்து எடுத்து வந்திருந்தான். ஏழு போர்ட். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு நீல விளக்கு. பக்கவாட்டில் வட்டமாக ஒரு சின்னத் துளை. அது எதற்கு என்று ஆஷா கேட்டதற்கு, இயர்போனுக்காக இருக்கும் என்று சாலமன் சொன்னான். மொபைல் கடைக்காரன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று வீடே நம்பியது.

"ஏழு கீது பாரு. இனிமே உனக்கு பேஜாரே இல்ல" என்றானாம் விஜய்குமார்.

ஆஷா தன் நாலையும் மாட்டினாள். மூன்று விளக்கு எரியாமல் இருந்தது. அந்த வீட்டில் காலியாக இருக்கும் எதுவும் காலியாக இருக்காது. மறுநாள் காலையில் விஜய்குமாரின் போன் வயர் ஐந்தாவதில் இருந்தது. குவைத்தில் இருக்கும் நாத்தனாரோடு முகம் பார்த்துப் பேச ஒரு கேமரா, அது ஆறாவதில். ஏழாவதில் சாலமனின் ஹார்ட் டிஸ்க்.

ஹார்ட் டிஸ்க் கதையைக் கேளுங்கள். கடைக்கு வருகிறவர்களின் போன் கார்டில் படமும் பாட்டும் ஏற்றிக் கொடுப்பது சாலமனின் சைடு வருமானம். அதற்காக ஊரில் உள்ள படத்தையெல்லாம் அந்த டிஸ்க்கில் சேர்த்து வைத்திருந்தான். காலையில் எழுந்ததும் ஆஷா வேலை பார்க்கிற அதே லேப்டாப்பில் டிஸ்க்கை மாட்டி, கார்டு கார்டாகக் காப்பி ஓட விடுவான். நீங்க பாட்டுக்கு டைப் பண்ணுங்க அண்ணி, இது பாட்டுக்குப் பின்னால ஓடும் என்பான். காப்பி முடிந்த பிறகாவது வயரைக் கழற்றுவானா? மாட்டான். டிஸ்க்கைப் பைக்குள் போட்டுக்கொண்டு வயரை அப்படியே தொங்க விட்டுப் போவான். விஜய்குமாரும் அதே கதைதான், போன் சட்டைப்பையில் போய்விடும், வயர் மேசையில் கிடக்கும். கழற்றிவிட்டால் அந்த இடத்தை வேறு யாராவது பிடித்துவிடுவார்கள் அல்லவா? மாரிக்குப்பம் வண்டியில் கர்சீப் போட்டுப் பழகிய குடும்பம், ஹப்பில் வயர் போட்டு இடம் பிடித்தது. டிசம்பர் பிறந்ததும் கேமராவை எடுத்துவிட்டு, மினுமினுவென்று எரியும் ஒரு சாண் உயர கிறிஸ்துமஸ் மரத்தை யாரோ ஆறாவதில் செருகினார்கள்.

அதற்குள் ஆஷாவின் ஃபைல்களில் வரி காணாமல் போக ஆரம்பித்திருந்தது.

முதலில் எனக்குப் புரியவே இல்லை. தப்பான வார்த்தை என்றால் காது சரியாகக் கேட்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். இது தப்பு இல்லை, ஓட்டை. டாக்டர் மாத்திரையின் அளவைச் சொல்கிறார், எழுத்தில் அந்த வரியே இல்லை. இன்னொரு நோயாளிக்குப் பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்று டாக்டர் தெளிவாகச் சொல்கிறார், அதுவும் இல்லை. ஆஷா தூங்கிக்கொண்டே டைப் செய்தால்கூட அதை விடமாட்டாள். இப்படிப்பட்ட தப்பை நான் திருத்தினால் சிஸ்டமே குவாலிட்டி மேனேஜர் தேசிகனுக்குத் தகவல் அனுப்பிவிடும். மூன்று தடவை அனுப்பினால் வீட்டு சீட் ரத்து. முதல் எச்சரிக்கை போனது. கொஞ்ச நாளில் இரண்டாவதும் போனது.

இரண்டாவதற்குத் தேசிகன் அவளுக்கு போன் செய்தார். அவர் சொன்னதை ஆஷா எனக்கு வார்த்தை மாறாமல் சொன்னாள்.

"வீட்டுல உக்காந்தா கவனம் அடுப்புக்குப் போயிடும்மா. இன்னொரு தப்பு வந்தா ஆபீசுக்கு வந்துடுங்க. நைட் ஷிஃப்ட்ல இடம் இருக்கு."

அடுப்பாம். அவர் வீட்டிலிருந்து வேலை பார்த்த நாட்களில் மெயில் எல்லாம் மத்தியானத்துக்கு மேல்தான் வரும், அப்போது அவர் கவனம் எந்த அடுப்பில் இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆஷா அதைவிட மோசம். போனில் அழுதிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள்.

வேலை செய்துகொண்டிருக்கும்போதே பெடல் செத்துப் போகிறது, ஹெட்செட்டும் அறுகிறது, இரண்டு விநாடியில் திரும்பி வருகிறது, அதற்குள் குரல் தாண்டிப் போய்விடுகிறது என்றாள். அவள் பின்னால் ஓட்டிப் பார்ப்பாள், ஆனால் காலையில் இருபது தடவை இப்படி நடந்தால், கெடு நெருங்கும்போது ஏதோ ஒன்று நழுவத்தான் செய்யும். சாலமன் டிஸ்க்கை மாட்டும்போதுதான் இப்படி ஆகிறது என்று அவளுக்குச் சந்தேகம். விஜய்குமாரிடம் சொன்னாள், அதுவும் இதுவும் என்ன சம்பந்தம் என்று சிரித்தான். சாலமனிடம் சொன்னாள், அவன் கோபித்துக்கொண்டான். சரி, தேசிகனிடம் சொல் என்றேன். கம்பெனி லேப்டாப்பில் வெளி ஆள் டிஸ்க் மாட்டுவதே குற்றம், அதைச் சொன்னால் மூன்றாவது எச்சரிக்கை வரை காத்திருக்கவே வேண்டாம் என்றாள். அவள் சொன்னது உண்மை. வீட்டில் சொன்னால் நம்பிக்கை இல்லை, ஆபீசில் சொன்னால் வேலை இல்லை. நடுவில் அவளை உட்கார வைத்துவிட்டு ஆளாளுக்கு அவரவர் வேலையைப் பார்த்தார்கள்.

எனக்கு ஒரு லீவு நாள் வந்தது. காலையிலேயே மர்பி டவுன் போய்விட்டேன். மேசையைப் பார்த்தேன். ஜன்னல் பக்கம் சாலமனின் கார்டு டப்பா, நடுவில் மினுக்குகிற மரம், ஒரு மூலையில் விஜய்குமாரின் பழைய போன், மேலே வயர் மேல் வயர். இதற்கு நடுவில் ஒரு கையளவு இடத்தில் ஆஷா கீபோர்டைச் சாய்த்து வைத்துக்கொண்டு டைப் செய்துகொண்டிருந்தாள். உள் அறையில் அப்பாதுரை இருமிக்கொண்டிருந்தார். நான் அவள் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் பெடல் ஒழுங்காக ஓடியது. சாலமன் எழுந்து வந்தான், எனக்கு வணக்கம் சொன்னான், பல் தேய்த்தான், வந்து டிஸ்க்கை மாட்டினான். டிஸ்க் உறுமிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தது. ஏழு நீல விளக்கும் ஒரு தடவை மங்கி எரிந்தன. ஆஷா பெடலை மிதித்தாள், குரல் வரவில்லை. காலைத் தூக்கி இன்னொரு தடவை மிதித்தாள். லேப்டாப் ‘டிங்’ என்றது, அப்புறம் குரல் எங்கேயோ ஒரு வரியின் நடுவிலிருந்து வந்தது.

அவள் என்னைப் பார்த்தாள். நான் சாலமனைப் பார்த்தேன். டிஸ்க்கைக் கழற்றச் சொன்னேன், கழற்றினான். பெடல் ஓடியது. மாட்டச் சொன்னேன், மாட்டினான். பெடல் செத்தது. இதற்குமேல் ஒருவனுக்கு என்ன சாட்சி வேண்டும்? அவன் என்ன சொன்னான் தெரியுமா?

"ஏழு ஓட்டை இன்னாத்துக்கு வெச்சிருக்கான்க்கா? ஏழு சாமான் மாட்டத்தான? அண்ணி பெடல்லதான் ஏதோ ராங் கீது. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கச் சொல்லுங்கோ."

அட்ஜஸ்ட். இந்த ஊரில் கால் மிதிபடுகிறவரிடம்தான் எப்போதும் அந்த வார்த்தையைச் சொல்வார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் ஆஷா என் கையைப் பிடித்து அழுத்தினாள். சனிக்கிழமை எஸ்.பி. ரோட்டுக்குப் போகலாம், நீங்களும் வாங்கக்கா என்றாள்.

சனிக்கிழமை விஜய்குமாரும் கூட வந்தான். முதல் ஹப்பை வாங்கியவன் அவன்தானே, இரண்டாவதையும் அவனே தேர்ந்தெடுத்தால்தான் மரியாதை என்று நினைத்திருப்பான். எஸ்.பி. ரோட்டில் கம்ப்யூட்டர் சாமான் கடைகளை நீங்கள் பார்த்திருந்தால் தெரியும், ஆள் உள்ளே நுழைய முடியாது, வாசலில் நின்றே வாங்க வேண்டும். மூன்று பேரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றோம். ஆஷா பழைய ஹப்பைப் பையிலிருந்து எடுத்துக் காட்டி, இதில் எல்லாவற்றையும் மாட்டினால் பெடல் அறுகிறது, ஏன் என்று கேட்டாள். கடைக்காரர் ஹப்பைத் திருப்பிப் பார்த்துவிட்டு விஜய்குமாரிடம் பதில் சொன்னார். ஆஷா இன்னொன்று கேட்டாள். அதற்கும் விஜய்குமாருக்குத்தான் பதில்.

"மிதிக்கிறது அவங்க கால். அவங்களப் பார்த்துச் சொல்லுங்க" என்றேன். கடைக்காரர் ஒரு நிமிஷம் விழித்தார், அப்புறம் ஆஷா பக்கம் திரும்பினார்.

விஷயம் இவ்வளவுதான். ஹப்புக்கு வேண்டிய கரண்ட் லேப்டாப்பின் ஒரே ஒரு போர்ட்டிலிருந்துதான் வருகிறது. அது கொஞ்சம்தான். பெடல், கீபோர்டு, ஹெட்செட், சாவி நாலும் சொற்பமாக எடுத்துக்கொள்ளும், அதோடு நிறுத்தினால் பிரச்சினை இல்லை. ஹார்ட் டிஸ்க் சுற்றவும் போன் சார்ஜ் ஏறவும் ஆரம்பித்தால் மற்றவற்றுக்கு மிச்சம் இருக்காது. பக்கவாட்டில் இருக்கும் வட்டத் துளை இயர்போனுக்கு இல்லை, அடாப்டர் மாட்ட. அடாப்டர் மாட்டினால் ஹப் தனக்கு வேண்டியதைச் சுவரிலிருந்து எடுத்துக்கொள்ளும். பிளாட்ஃபாரத்தில் விற்கிறவர்கள் அடாப்டரை எடுத்துவிட்டு ஹப்பை மட்டும் விற்பார்களாம். ஒரு வருஷமாக வீட்டின் கம்ப்யூட்டர் நிபுணராக நடமாடிக்கொண்டிருந்த சாலமன் அங்கே இல்லாமல் போனது எனக்கு இன்றுவரை வருத்தம்.

விஜய்குமாரின் முகம் மலர்ந்துவிட்டது. ஷோகேஸில் இருந்த ஒன்றைக் காட்டினான். கறுப்பாக, முழம் நீளத்துக்கு, பத்து போர்ட், கூடவே செங்கல் மாதிரி ஒரு அடாப்டர்.

"இதுதான் கரெக்ட். அடாப்டரும் கீது, பத்து போர்ட்டும் கீது. எல்லாருக்கும் ஆவும், யாருக்கும் சண்டை இல்ல."

உண்மையைச் சொல்கிறேன், எனக்கே அது சரியாகத்தான் பட்டது. பெடல் ஓடும், டிஸ்க்கும் ஓடும், போனும் ஏறும். வேறு என்ன வேண்டும்? கடைக்காரரும் தலையை ஆட்டினார். ஆஷா அந்தப் பத்து போர்ட் ஹப்பைக் கையில் வாங்கி, ஒவ்வொரு துளையாகப் பார்த்தாள். திருப்பிக் கொடுத்தாள். உள்ளங்கை அளவில் ஒன்று தொங்கியது, நாலு போர்ட், சின்ன அடாப்டரோடு. அதை எடுக்கச் சொன்னாள்.

"மேடம், நாலு சாக்கா? நாளைக்கு ஜாஸ்தி வேணும்னா?" என்றார் கடைக்காரர். கன்னடத்தில் சாக்கு என்றால் போதும்.

"சாக்கு" என்றாள் ஆஷா.

விஜய்குமார் சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தான். பத்து இருக்கும்போது யாராவது நாலு வாங்குவார்களா, மற்றவர்கள் எங்கே போவார்கள், சாலமனுக்கு என்ன பதில் சொல்வது, அக்கா குவைத்திலிருந்து கூப்பிட்டால் கேமராவை எங்கே மாட்டுவது என்று அடுக்கினான். பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள், ஒருவர் உச்சுக் கொட்டினார். ஆஷா நடுத்தெருவில் குரலை உயர்த்துகிறவள் இல்லை. அன்றும் உயர்த்தவில்லை. 

"பத்து வாங்கினா பத்து பேர் வருவாங்கோ. மேசையில எனக்குக் கை வைக்க எடம் இருக்காது. எனக்கு நாலு சாமான், நாலு சீட்டு. அன்னிக்கி வண்டியில கர்சீப் போட்டு எனக்கு ஒரு எடம் பிடிச்சிக் குடுத்தீங்க. அதே எடத்துல ஊரையே உக்கார வெக்கறதுன்னா இன்னாத்துக்குங்க பிடிச்சீங்க?"

விஜய்குமாருக்கு முகம் செத்துப்போனது.  நாலு போர்ட் ஹப்புக்கு ஆஷாவே பணம் கொடுத்தாள். திரும்பி வரும்போது ஆட்டோவில் அவள் ஹப்பை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். டிரைவர் எஃப்.எம். போட்டார், அதை அவள் நிறுத்தச் சொன்னாள்.

வீட்டுக்குப் போனதும் மேசையைத் துடைத்தாள். கார்டு டப்பாவை, பழைய போனை, கிறிஸ்துமஸ் மரத்தை, தொங்கிக்கொண்டிருந்த வயர்களை எல்லாம் ஒரு பையில் போட்டு சாலமன் படுக்கும் இடத்தில் வைத்தாள். புது ஹப்பை மேசையின் ஓரத்தில் வைத்து நாலையும் மாட்டினாள். நாலும் நிரம்பியது. அடாப்டரைச் சுவரில் செருகினாள். பெடலை மிதித்தாள். நான் அங்கேயே நின்றிருந்தேன், அந்தக் குரல் ஒரு தடவைகூட அறாமல் ஓடியதைக் கேட்டபோது எனக்கு அவளைவிட சந்தோஷம்.

ஆனால் வீடு சும்மா இருக்குமா? சாலமன் இரண்டு நாள் அண்ணி வைத்த சாப்பாட்டைத் தொடவில்லை, ஹோட்டலில் சாப்பிட்டான். குவைத் நாத்தனார், தம்பி பெண்டாட்டி வேண்டுமென்றே கேமராவுக்கு இடம் இல்லாமல் செய்துவிட்டாள் என்று போன் போட்டு அழுதாள். விஜய்குமார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தான். ஒரு துளை அளவு இடம் ஒரு பெண் தனக்கென்று வைத்துக்கொண்டாள், அதற்கு இத்தனை கலவரம்.

அதற்கு அடுத்து நடந்ததை எனக்குச் சொன்னது மாமனார் அப்பாதுரை. மூச்சு வாங்கிக்கொண்டே, நிறுத்தி நிறுத்தி, ஒரு விவரம் விடாமல் ரசித்துச் சொன்னார். அன்று காலை அவருக்கு இருமல் முற்றிவிட்டது. ஆஷா ஃபைலைப் பாதியில் நிறுத்திவிட்டு எழுந்து உள்ளே போய் அவருக்கு மருந்து கொடுத்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து சாலமன் மேசைக்கு வந்தான். ஹப்பில் இடம் இல்லை, லேப்டாப்பின் ஆடும் போர்ட்டில் டிஸ்க் நிற்காது. யார் அவசரமோ தெரியாது, கார்டில் படம் கேட்டு யாரோ காத்திருந்தார்கள். அவன் பெடல் வயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டுத் தன் டிஸ்க்கைச் செருகிக் காப்பி ஓட விட்டான். ஆஷா திரும்பி வந்து காலால் தேடினாள், பெடல் ஒரு பக்கம் கிடந்தது. கட்டிலில் இருந்த அப்பாதுரைக்குக் கதவு வழியாக எல்லாம் தெரிந்தது.

நீங்க டைப் பண்ணலையே அண்ணி, சும்மாதான இருந்துச்சு, அஞ்சே நிமிஷம் என்றானாம்.

"வண்டியில தண்ணி குடிக்க எழுந்து போனவ சீட்டுல யாராச்சும் உக்காந்தா இன்னா பண்ணுவோம்னு உனக்குத் தெரியும்தான சாலமன்?" என்று கேட்டாளாம் ஆஷா.

கேட்டுவிட்டு டிஸ்க்கின் வயரைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். காப்பி பாதியில் இருந்தது. அப்படி இழுக்கக் கூடாது என்று அவளுக்கு நன்றாகவே தெரியும், அவனுக்கும் தெரியும். அப்புறம் அந்த டிஸ்க்கை எந்தக் கம்ப்யூட்டரில் மாட்டினாலும் திறக்கவில்லை. வருஷக்கணக்கில் சேர்த்து வைத்த படமெல்லாம் போனது. சாலமன் கத்தினானாம். அவன் கத்தி முடிக்கும்வரை அவள் ஹெட்செட்டைக் காதில் மாட்டிக்கொண்டு, விட்ட வரியிலிருந்து டைப் செய்தாளாம். அப்பாதுரை இதைச் சொல்லும்போது, எங்க சாம்பியன் பொண்ணும்மா என்று ஒரு தடவை சொல்லிவிட்டு மறுபடி இருமினார்.

சாலமன் அண்ணனிடம் பஞ்சாயத்துக்குப் போனான். விஜய்குமார் என்ன சொன்னான் என்று யாருக்கும் தெரியாது, இரண்டு பேரும் மொட்டை மாடியில்தான் பேசினார்கள். ஆனால் மறுநாளிலிருந்து, வேலைக்குக் கிளம்புமுன் விஜய்குமார் தன் கர்சீப்பை எடுத்து ஆஷாவின் ஹப்பின் மேல் போட்டுவிட்டுப் போனான். நான் அடுத்த தடவை போனபோது அது அங்கே கிடந்தது, நீலக் கட்டம் போட்டது. பார்த்ததும் எனக்கு மனசு இளகவில்லை, மறுபடி எரிச்சல்தான் வந்தது. இந்தத் துணியை முதல் எச்சரிக்கை வருவதற்கு முன்னாலேயே போட்டிருக்கலாம் இல்லையா?

அதன் பிறகு ஆஷாவின் ஃபைலில் ஒரு வரிகூடக் காணாமல் போகவில்லை. மூன்றாவது எச்சரிக்கை வரவே இல்லை. நான் பழையபடி டீ ஆறாமல் குடித்தேன். மாசக் கடைசியில் தேசிகனிடமிருந்து எங்கள் டீம் முழுவதற்கும் ஒரு மெயில் வந்தது. வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களுக்குக் கண்டிப்பு எவ்வளவு அவசியம் என்பதற்கு ஆஷாவே உதாரணம், இரண்டு எச்சரிக்கை கொடுத்ததும் கவனம் திரும்பிவிட்டது, எச்சரிக்கை வேலை செய்கிறது, மற்ற டீம்களும் இதைப் பின்பற்றலாம் என்று எழுதியிருந்தார். அவளுடைய பதிவில் இருந்த இரண்டு எச்சரிக்கையும் அப்படியே இருந்தன. நடந்ததைச் சொல்லி அவற்றை அழிக்கச் சொல்லவும் வழியில்லை, சொன்னால் டிஸ்க் கதை வெளியே வரும்.

 பதில் ஒன்று அடித்தேன், அடித்ததை அழித்தேன், மறுபடி அடித்தேன். கடைசியில் ஆஷாவுக்கு போன் போட்டு முழு மெயிலையும் படித்துக் காட்டினேன். அவள் ஃபைலை நிறுத்திவிட்டுக் கேட்டாள். 

"எச்சரிக்கை வேலை செஞ்சது நெஜம்தான்க்கா" என்றாள். "ஆனா அது அவர் குடுத்தது இல்ல. நான் குடுத்தது."

அதற்குமேல் பேச அவளுக்கு நேரம் இல்லை. பெடலை மிதித்த சத்தம் போனில் கேட்டது, டாக்டரின் குரல் ஓட ஆரம்பித்தது. நான் போனை வைத்தேன்.